ஆசைக்கு ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார்: பெங்களூர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

போன மாதம் செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் கார் பற்றி ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பெங்களூரிலிருந்து வந்தவை, எல்லாவற்றிலும் ஆசை ஒன்றுதான். அதனால் இந்த முறை முழுப் பகுதியும் பெங்களூர்த் தமிழர்களுக்கே.

அண்ணா, சொந்த ஊர் தென்காசி, இருப்பது மாரத்தஹள்ளி. வீட்டுக்கு ஒரு ஆட்டோமேட்டிக் எஸ்.யூ.வி. இருக்கிறது, ஆபீஸ் போய் வருவதெல்லாம் அதில்தான், ஓட்டுகிறோம் என்ற உணர்வே வருவதில்லை. எனக்கென்று ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வேண்டும். கையில் 12 லட்சம் இருக்கிறது. மாஸ்டா எம்.எக்ஸ்-5 மாதிரி ஏதாவது கிடைக்குமா? எத்தனை குதிரைசக்தி பார்க்க வேண்டும்?
— வாசகர், மாரத்தஹள்ளி

தம்பி, நீங்கள் கேட்கும் எம்.எக்ஸ்-5, இரண்டு பேர் உட்காரும் திறந்த கூரை ஜப்பான் கார், இந்தியாவில் கடை வைத்து விற்கப்பட்டதே இல்லை. வெளிநாட்டிலிருந்து பழைய வண்டியாகக் கொண்டு வரலாம் என்றால், தயாரித்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும், அதற்கு மேல் கட்டும் வரி வண்டியின் விலையையே தாண்டிப் போகும். 12 லட்சத்தில் நடக்காது, விட்டுவிடுங்கள்.

ஆனால் அந்த வண்டியை உலகம் முழுக்க ஏன் கொண்டாடுகிறார்கள் என்பதை மட்டும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், உங்கள் கேள்விக்குப் பதில் அதில் இருக்கிறது. 1989-ல் வந்த முதல் எம்.எக்ஸ்-5-ல் இருந்தது 1.6 லிட்டர் இன்ஜின், சுமார் 115 குதிரைசக்தி. இன்று நம் ஊரில் ஓடும் ஒரு சாதாரண டர்போ ஹேட்ச்பேக்கிலேயே அவ்வளவு இருக்கிறது. ஆனால் எடை ஒரு டன்னுக்கும் குறைவு, கியர் கைக்கு அடக்கமாக விழும், ரோடு எப்படி இருக்கிறது என்பது ஸ்டீயரிங் வழியாக உள்ளங்கைக்கு வரும். ஆக, குதிரைசக்தியை முதலில் கேட்காதீர்கள். எடை என்ன, கியர் மேனுவலா, ஸ்டீயரிங் கைக்கு ஏதாவது சொல்கிறதா, இன்ஜின் 5,000 ஆர்.பி.எம். தாண்டியும் ஆசையாகச் சுற்றுகிறதா, இதையெல்லாம் கேளுங்கள்.

இன்னொன்று, பெரிய சக்தியை நீங்கள் எங்கே பயன்படுத்தப் போகிறீர்கள்? வெளிவட்டச் சாலையின் நெரிசல் உங்களுக்குத் தெரியும். மைசூர் எக்ஸ்பிரஸ்வேயில் 100-க்கு மேல் போனால் கேமரா பிடிக்கும். 300 குதிரைசக்தி வண்டியில் இரண்டாம் கியர் முடிவதற்குள் சட்டம் முடிந்துவிடும், மற்ற கியரெல்லாம் பார்வைக்குத்தான். நூறு, நூற்றைம்பது குதிரைசக்தி உள்ள எடை குறைந்த வண்டி என்றால் மூன்றாம் கியர் வரைக்கும் முழுசாக இழுத்து ஓட்டலாம், வளைவில் என்ன செய்கிறது என்று உணரலாம், வீட்டுக்குத் திரும்பும்போது சட்டைப்பையில் லைசென்ஸும் இருக்கும்.

சரி, வண்டிகளுக்கு வருகிறேன். உங்கள் தொகைக்கு நான் முதலில் தேடச் சொல்வது ஃபோக்ஸ்வேகன் போலோ, அதிலும் 2020-க்குப் பிறகு வந்த 1.0 டி.எஸ்.ஐ. (அதன் டர்போ பெட்ரோல் இன்ஜினின் பெயர்), ஆறு கியர் மேனுவல். 110 குதிரைசக்தி, 175 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, எடை சுமார் 1,100 கிலோ. 2022-ல் விற்பனை நின்றது, ஆனால் ரோட்டில் ஏராளமாக இருப்பதால் பாகங்களுக்குத் திண்டாட்டம் இல்லை. கதவைச் சாத்தும் சத்தத்திலேயே உங்களுக்குப் பிடித்துவிடும். போலோ ஜி.டி. என்ற பெயரில் 2013 முதல் வந்த 1.2 டி.எஸ்.ஐ. ஆட்டோமேட்டிக் வேறு ஜாதி. அதில் இருப்பது டி.எஸ்.ஜி. என்ற ஏழு கியர் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், இரண்டு கிளட்ச், இரண்டுமே எண்ணெயில் நனையாத உலர்ந்த வகை. திறந்த ரோட்டில் அற்புதம். சில்க் போர்டு சிக்னலில் அரை அடி அரை அடியாக ஊர்ந்தால் அந்த கிளட்ச் சூடாகும், தேயும், அதைக் கட்டுப்படுத்தும் மெக்கட்ரானிக்ஸ் பாகம் போனால் செலவு லட்சத்தில்தான். பெங்களூரில் ஐந்து வருஷம் ஓடிய டி.எஸ்.ஜி. வண்டி என்றால் அந்த ஐந்து வருஷமும் எந்த ரூட்டில் ஆபீஸ் போனார்கள் என்று கேளுங்கள், நிஜமாகவே கேளுங்கள்.

அடுத்தது என் மனசுக்கு நெருக்கமானது, ஃபியட் அபார்த் புன்டோ. 2015-ல் 10 லட்சத்துக்குள் விலை வைத்து, 1.4 லிட்டர் டர்போவில் 145 குதிரைசக்தி, நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், ஹைட்ராலிக் ஸ்டீயரிங் என்று கொடுத்தார்கள். இன்றைய எலெக்ட்ரிக் ஸ்டீயரிங்குக்குப் பழகிய கை அதைப் பிடித்தால் முதல் ஐந்து நிமிஷம் கனமாகத் தெரியும், பத்தாவது நிமிஷம் புரிந்துவிடும். குறை என்ன? ஃபியட் இங்கே கடையைக் கட்டிவிட்டது. வழக்கமாகத் தேயும் பாகங்கள் கிடைக்கும், பம்பர், ஹெட்லைட் மாதிரி விஷயங்களுக்கு ஜே.சி. ரோட்டிலும் சிவாஜிநகரிலும் அலைய வேண்டியிருக்கும், சில சமயம் வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கும். டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்பதற்கு பில் கேளுங்கள். வாய்வார்த்தை போதாது, அந்தப் பெல்ட் அறுந்தால் வால்வுகள் வளைந்து இன்ஜினையே பிரிக்க வேண்டிவரும். இதற்கு வாரம் ஒரு நாள் கொடுக்க மனசு இருந்தால் எடுங்கள். "சாவி போட்டா ஓடணும், அவ்வளவுதான்" என்கிறவர் என்றால் போலோவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வாரண்டி பாக்கி உள்ள வண்டிதான் வேண்டும் என்றால் ஹூண்டாய் ஐ20 என் லைன். 2021-ல் வந்தது, 120 குதிரைசக்தி, சஸ்பென்ஷன் சாதாரண ஐ20-ஐ விட இறுக்கம். கிளட்ச் பெடலோடு வருகிற முழு மேனுவல் 2023-ல்தான் வந்தது, அதைத் தேடுங்கள். பலேனோ ஆர்.எஸ். கூட நல்ல எடை, நல்ல இன்ஜின், ஆனால் ஸ்டீயரிங்கில் உயிர் கொஞ்சம் கம்மி. 2006-ல் வந்த ஹோண்டா சிவிக் 1.8 மேனுவல் இன்னும் ஆசை காட்டும், தாழ்வாக உட்கார்ந்து ஓட்டும் சுகத்துக்கு அதை மிஞ்ச அந்த விலையில் ஆளில்லை. ஆனால் நம் ஸ்பீட் பிரேக்கர்களில் அடி தட்டும், வயதும் ஆகிவிட்டது, ஒற்றைக் காராக அல்லாமல் இரண்டாவது காராக வைத்துக்கொள்ளலாம். உங்களுக்கு இது இரண்டாவது கார்தானே.

இதைப் பலர் யோசிப்பதில்லை: பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. இங்கே காற்றின் அடர்த்தி சென்னையை விட எட்டொன்பது சதவீதம் குறைவு. டர்போ இல்லாத இன்ஜின் அந்த அளவுக்கு மூச்சு வாங்கும். டர்போ இன்ஜின் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் பெரும்பாலும் சமாளித்துவிடும். சென்னையில் நண்பரின் சிவிக்கை ஓட்டிப் பார்த்து மயங்கி, இங்கே வந்து அதே வண்டியை வாங்கி, "ஏன் பிக்கப் கொஞ்சம் குறைகிறது" என்று கேட்டவர் எனக்கு எழுதியிருக்கிறார். காரணம் இதுதான், வண்டியில் குறை இல்லை.

கடைசியாகப் பணம். 12 லட்சம் இருந்தால் 12 லட்சத்துக்கு வண்டி வாங்காதீர்கள். பத்துக்குள் வாங்குங்கள். மீதியில் நான்கு நல்ல டயர், ஷாக் அப்சார்பர், சஸ்பென்ஷன் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ், பிரேக் பேட், எல்லா எண்ணெயும். பழைய வண்டி ஓட்டப் பிடிக்கவில்லை என்று விற்கிற பலருடைய வண்டியில் தேய்ந்த புஷ்ஷும் கல்லாகிப்போன டயரும்தான் குற்றவாளி. 30,000, 40,000 ரூபாய் வேலையில் வண்டி பத்து வயது குறைந்து நிற்பதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

நான் ஒரு பெண், எனக்காகத்தான் வண்டி பார்க்கிறேன். ஆனால் எங்கே போனாலும் புரோக்கர்கள் கூட வருகிற என் தம்பியிடமே பேசுகிறார்கள், அவனுக்கு ஓட்டவே தெரியாது! டெஸ்ட் டிரைவில் என்ன பார்க்க வேண்டும், எப்படிப் பார்க்க வேண்டும் என்று எனக்குப் புரியும்படி சொல்லுங்கள். இன்ஜின் சமாச்சாரம் அவ்வளவாகத் தெரியாது.
— வாசகி, ஜெயநகர்

முதலில், டிரைவர் சீட்டில் நீங்கள் உட்காருங்கள், தம்பி பின்னால் உட்காரட்டும். "ஒரு ரவுண்டு நான் ஓட்டிக் காட்டுகிறேன்" என்று விற்பவர் சொன்னால் ஓட்டட்டும், அதற்குப் பிறகு அரை மணி நேரமாவது உங்கள் கையில் வண்டி இருக்க வேண்டும். முடியாது என்றால் அந்த வண்டி வேண்டாம், வேறு பாருங்கள்.

காலையில் போங்கள். போவதற்கு முன் போனில், "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானட் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் அவர்கள் முன்னாடியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம், ஏன் என்று யோசிக்க வேண்டியது உங்கள் உரிமை. குளிர்ந்த இன்ஜின்தான் உண்மை பேசும். ஸ்டார்ட் ஆகும் முதல் இரண்டு மூன்று நொடியில் செயின் சலசலக்கிறதா, சைலன்சரில் நீலப் புகை வருகிறதா என்று தம்பியைப் பின்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள், அவருக்கும் ஒரு வேலை. நீலம் என்றால் ஆயில் எரிகிறது, டர்போ வண்டியில் டர்போவே தேய்ந்திருக்கலாம். காலைக் குளிரில் மெல்லிய வெள்ளை ஆவி வந்து மறைந்தால் பயமில்லை. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் உள்ளே போகிறது, எழுந்து வந்துவிடுங்கள்.

அப்புறம் ஓட்டுங்கள். ரேடியோ, ஏ.சி. இரண்டையும் அணைத்துவிட்டு, கண்ணாடியை இறக்கி, ஒரு சுவர் ஓரமாக மெதுவாகப் போங்கள். சுவரில் பட்டுத் திரும்பும் சத்தத்தில் வீல் பேரிங் உறுமுவதும் பிரேக் உரசுவதும் தெளிவாகக் கேட்கும். ஒரு ஸ்பீட் பிரேக்கரைக் கொஞ்சம் சாய்வாக ஏறி இறங்குங்கள், 'டொக்' என்றால் புஷ்ஷோ லிங்க் ராடோ போயிருக்கிறது, இது சின்னச் செலவு, விலையில் குறைத்துக் கேளுங்கள். கிளட்ச் பார்க்க எளிய வழி இருக்கிறது: நேரான காலி ரோட்டில் 40 கிலோமீட்டரில் நான்காம் கியர் போட்டு ஆக்ஸிலரேட்டரை முழுசாக அழுத்துங்கள். ஆர்.பி.எம். முள் மட்டும் குபுக்கென்று ஏறி வேகம் பின்தங்கினால் கிளட்ச் வழுக்குகிறது. ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் வைத்திருந்த வண்டிகளில் இதை அவசியம் பார்க்க வேண்டும். இரண்டாம் கியருக்கு வேகமாக மாற்றும்போது கரகரத்தால் உள்ளே கியரை இதமாக விழவைக்கும் சின்க்ரோ தேய்ந்திருக்கிறது, அது பெரிய செலவு. டி.எஸ்.ஜி. வண்டி என்றால் மேம்பால ஏற்றத்தில் ஊர்ந்து பாருங்கள், ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போதும், நின்று ரிவர்ஸில் ஏறும்போதும் நடுங்கினால் கிளட்ச் ஆயுள் முடிகிறது.

பின்னால் யாரும் இல்லாதபோது 60-லிருந்து அழுத்தமாக பிரேக் போடுங்கள். ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுத்தால் காரணம் கேளுங்கள், பிரேக்காக இருக்கலாம், டயராக இருக்கலாம், விபத்தில் சேசிஸ் வளைந்ததாகவும் இருக்கலாம்.

நிறுத்திய பிறகு கண்ணாடிகளைப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாடியின் மூலையிலும் தயாரித்த வருஷத்துக்கான குறி இருக்கும், எல்லாம் ஒன்றாக இருந்து ஒன்று மட்டும் வேறு என்றால் அந்தப் பக்கம் ஏதோ நடந்திருக்கிறது. கதவு, பானட், டிக்கி இவற்றின் கீல் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்டு பெயின்ட் உரிந்திருக்கிறதா என்று பாருங்கள். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், 3219 என்றால் 2019-ன் 32-வது வாரம். நான்கு டயரும் நான்கு கம்பெனி என்றால் அந்த ஓனர் வண்டியை எப்படி வைத்திருந்தார் என்று உங்களுக்கு வேறு யாரும் சொல்ல வேண்டாம்.

கிலோமீட்டர் பற்றி ஒரு விஷயம், எனக்கே நடந்தது. பல வருஷத்துக்கு முன்னால் மீட்டரில் 38,000 காட்டிய ஒரு வண்டியை ஆசையில் அவசரப்பட்டு வாங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் பிரேக் பெடல் ரப்பர் மொழுமொழுவென்று தேய்ந்திருந்தது, ஸ்டீயரிங் தோல் கண்ணாடி மாதிரி மின்னியது. சர்வீஸ் சென்டரில் சேசிஸ் நம்பர் கொடுத்துக் கேட்டதில் இரண்டு வருஷத்துக்கு முன்பே 91,000 ஓடியிருக்கிறது. விற்றவர் போனை எடுக்கவில்லை. அன்றிலிருந்து அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் சர்வீஸ் பதிவேட்டைப் பார்க்காமல் நான் வண்டி எடுப்பதில்லை, நீங்களும் எடுக்காதீர்கள். இரண்டாயிரம், மூவாயிரம் கொடுத்தால் ஸ்கேனரோடு வந்து பார்த்துத் தருகிற மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். எர்ரர் கோடு ஏதும் இல்லை என்பதோடு நிறுத்தாமல், வண்டியின் கம்ப்யூட்டர் தானாகச் செய்யும் சுயசோதனைகள் எல்லாம் முடிந்ததாகக் காட்டுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். 'முடியவில்லை' என்று வந்தால் நீங்கள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் கோடுகளை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள்.

ஸ்கோடா ஆக்டேவியா வி.ஆர்.எஸ்., 2017 மாடல், மார்க்கெட் விலையை விட நான்கு லட்சம் குறைவாகச் சொல்கிறார்கள். உள்ளே புதுக் கார்பெட், புது சீட் கவர், பளபளவென்று இருக்கிறது. வாங்கலாமா?
— வாசகர், பானஸ்வாடி

நல்ல வண்டி. 230 குதிரைசக்தி, பெட்டியோடு குடும்பமும் ஏறும், அதன் ஆறு கியர் டி.எஸ்.ஜி. எண்ணெயில் நனைந்த கிளட்ச் என்பதால் டிராஃபிக்கையும் ஓரளவு தாங்கும், 60,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை அந்த எண்ணெயை மாற்றிய பில் மட்டும் இருக்க வேண்டும். ஆனால் எனக்கு அந்தப் புதுக் கார்பெட்தான் உறுத்துகிறது.

2022 செப்டம்பர் முதல் வாரம் இங்கே பெய்த மழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பெல்லந்தூர், யமலூர், சர்ஜாபூர் ரோடு பக்கம் அடுக்குமாடி பேஸ்மென்ட்டிலும் வில்லா வாசலிலும் விலை உயர்ந்த வண்டிகள் தண்ணீரில் கிடந்தன. ரிப்பேர் செலவு காப்பீட்டு மதிப்பில் முக்கால் பங்கைத் தாண்டினால் இன்ஷூரன்ஸ் கம்பெனி முழு இழப்பாகக் கணக்கு முடித்துவிடும், அந்த வண்டி ஏலத்துக்குப் போகும், ஏலத்தில் எடுத்தவர் கழுவி, காயவைத்து, உள்ளே புதுசு போட்டு விற்பார். சென்னையில் 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் மூழ்கியவையும் இந்தப் பக்கம் வரும்.

என்ன செய்ய வேண்டும் என்றால், நான்கு சீட் பெல்ட்டையும் கடைசி வரைக்கும் இழுங்கள், யாரும் கழுவாத அந்தக் கடைசி ஒரு அடியில் சேற்றுக் கறை கோடாக நிற்கும். சீட்டுக்கு அடியில் கையை விட்டு தண்டவாளத்தையும் போல்ட்டையும் தடவுங்கள், துரு ஒட்டும். ஸ்டெப்னி வைக்கும் குழி, ஃபியூஸ் பெட்டி, ஹெட்லைட்டுக்குள் நீர்க்கோடு, இவ்வளவையும் பாருங்கள். கதவைச் சாத்தி கண்ணாடியை ஏற்றி பத்து நிமிஷம் வெயிலில் விட்டுத் திறந்து மோந்து பாருங்கள். வாசனை ஸ்ப்ரே மணம் தூக்கலாக இருந்தால் அதுவும் ஒரு பதில்தான். பழைய இன்ஷூரன்ஸ் பாலிசிகளை வரிசையாகக் கேளுங்கள், 2022 வரை 50 சதவீதம் வரை வளர்ந்த நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காத வருஷங்களுக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) 2023-ல் பூஜ்ஜியம் என்றால் அந்த வருஷம் கிளெய்ம் நடந்திருக்கிறது. வெள்ளத்தில் நின்ற வண்டியில் வயரிங் கனெக்டர்கள் ஒவ்வொன்றாகப் பச்சை பூத்து இரண்டு மூன்று வருஷம் கழித்துத்தான் தொல்லை கொடுக்கும். அப்போது நான்கு லட்சம் லாபம் எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கும்.

டில்லியில் அதே வண்டி இங்கேயுள்ள விலையை விட ரொம்பக் குறைவு. ரயிலில் போய் எடுத்து வரலாமா?
— வாசகர், ராமமூர்த்தி நகர்

கணக்குப் போட்டுவிட்டுப் போங்கள். டில்லியில் 10 வருஷம் கடந்த டீசலுக்கும் 15 வருஷம் கடந்த பெட்ரோலுக்கும் வந்த கட்டுப்பாட்டால் அங்கே வயதான வண்டிகளின் விலை விழுந்தது உண்மை. கடல் காற்று படாத ஊர் என்பதால் மும்பை, சென்னை வண்டிகளைப் போல அடியில் துருவும் இருக்காது, இதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேறு மாநிலப் பதிவோடு இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் கர்நாடகப் பதிவுக்கு மாற்றியே ஆக வேண்டும், இங்குள்ள ஆயுள் வரி நாட்டிலேயே அதிகமான வரிகளில் ஒன்று. 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள காருக்கு 18 சதவீதம், அதன் மேல் செஸ். வண்டியின் வயதுக்கு ஏற்பக் குறைத்துப் போடுவார்கள், ஆனாலும் வலிக்கும் தொகைதான். டில்லியில் கட்டிய வரியில் மீதியைத் திரும்பக் கேட்கலாம், வருவதற்குப் பொறுமை வேண்டும். என்.ஓ.சி. (அங்குள்ள ஆர்.டி.ஓ. தரும் தடையில்லாச் சான்று) கையில் வாங்காமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள், லோன் இருந்திருந்தால் லோன் முடிந்ததைச் சொல்லும் ஃபார்ம் 35-ம் பேங்கிலிருந்து வேண்டும். வயது வரம்பை ஏற்கனவே கடந்த வண்டி என்றால் என்.ஓ.சி. கிடைக்குமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். வரி, லாரிக் கூலி, ஆர்.டி.ஓ. அலைச்சல் எல்லாம் சேர்த்த பிறகும் ஒரு லட்சத்துக்கு மேல் மிச்சம் என்றால் போங்கள், இல்லையென்றால் கே.ஏ. நம்பர் வண்டியே எடுங்கள்.

2007 போர்ஷே பாக்ஸ்டர், 18 லட்சத்துக்குக் கிடைக்கிறது. கனவு வண்டி. எடுக்கலாமா?
— வாசகர், ஒயிட்ஃபீல்ட்

18 லட்சம் உங்களிடம் இருக்கும் மொத்தத் தொகையா, அல்லது அதன் மேல் இன்னொரு 10 லட்சம் தொடாமல் இருக்கிறதா? இரண்டாவது என்றால் மட்டும் மேலே படியுங்கள். 2008 வரை வந்த பாக்ஸ்டர் இன்ஜின்களில் உள்ளே சுற்றும் இடைத்தண்டின் (ஐ.எம்.எஸ்.) பேரிங் உடையும் குறை உலகறிந்தது, உடைந்தால் இன்ஜினே போகும். 2009 மாடல் முதல் வந்த இன்ஜினில் அந்தத் தண்டே இல்லை. அதனால் 2009 அல்லது அதற்குப் பிந்தைய வண்டிக்குக் காத்திருங்கள். ஓட்டும் சுகத்தைக் கேட்டால், நடுவில் இன்ஜின் வைத்த அந்த வண்டியைப் போல வளைவில் சமநிலையாகத் திரும்புவது வேறு எதுவும் இந்த நாட்டில் அந்த விலைக்கு இல்லை. ஆசைப்பட்டது தப்பே இல்லை.

சார், என் மகனுக்கு 21 வயது. போலோ ஜி.டி. ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறான், 'ஸ்டேஜ் ஒன்' செய்த வண்டி, சைலன்சரும் மாற்றியது, கூடுதல் பவர் என்கிறான். எனக்கு பயமாக இருக்கிறது. அவன் மனசும் நோகக் கூடாது.
— ஒரு தகப்பனார், ஹோசூர்

உங்கள் பயம் நியாயமானது, மகனின் ஆசையும் நியாயமானது. இன்ஜின் கம்ப்யூட்டரில் புரோகிராமை மாற்றி டர்போவின் அழுத்தத்தைக் கூட்டுவதைத்தான் ஸ்டேஜ் ஒன் என்கிறார்கள். அந்த வண்டியின் உலர்ந்த கிளட்ச் ஏற்கனவே நாசூக்கானது, அதன் மேல் கூடுதல் முறுக்குவிசையை ஏற்றி யாரோ ஒருவர் பல ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறார், அவர் அனுபவித்தார், பில் உங்களுக்கு வரும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவிக்காத மாற்றம் இருந்தால் கிளெய்ம் நேரத்தில் தகராறு வரும். சத்தமான சைலன்சருக்கு போலீஸ் நிறுத்துவார்கள்.

மகனிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: கை வைக்காத மேனுவல் வண்டி ஒன்றை எடுத்துத் தருகிறேன், ஸ்டேஜ் ஒன்னுக்கும் சைலன்சருக்கும் ஆகிற பணத்தில் ரேஸ் டிராக்கில் ஓட்டக் கற்றுக்கொள். சென்னை போகிற ரோட்டிலேயே, ஸ்ரீபெரும்புதூர் தாண்டி, இருங்காட்டுக்கோட்டையில் டிராக் இருக்கிறது, கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. பயிற்சி நாட்கள் நடக்கும்போது சேர்த்துவிடுங்கள். ஹெல்மெட் போட்டு, எதிரே வண்டி வராத ரோட்டில், பக்கத்தில் சொல்லிக்கொடுப்பவரோடு ஒரு நாள் ஓட்டிவிட்டு வந்த பையன் ஹோசூர் நெடுஞ்சாலையில் வேறு மாதிரி ஓட்டுவான், இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பழைய டர்போ வண்டிக்கு இப்போது பங்கில் போடும் 20 சதவீத எத்தனால் பெட்ரோல் ஒத்துக்கொள்ளுமா?
— வாசகர், கே.ஆர். புரம்

2023 ஏப்ரலுக்கு முந்தைய பெரும்பாலான வண்டிகள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஓடும், மைலேஜ் கொஞ்சம் குறையும். ரப்பர் ஹோஸ், சீல் இவற்றைச் சர்வீஸில் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், அதனால் வார இறுதி வண்டியை டேங்க் நிறையப் போட்டு இரண்டு மாதம் மூடி வைக்காதீர்கள். பத்து நாளைக்கு ஒரு முறையாவது எடுத்து ஓட்டுங்கள், அதற்குத்தானே வாங்கினீர்கள்.

வண்டி வாங்கிவிட்டேன் அண்ணா! 2021 போலோ, மேனுவல், ஒரே ஓனர். நீங்கள் முன்பு சொன்னபடி எல்லாம் பார்த்தே எடுத்தேன். இப்போது எங்கே ஓட்டுவது? நந்தி மலை போனால் ஒரே கூட்டம்.
— வாசகர், அல்சூர்

வாழ்த்துகள் தம்பி, உங்கள் கடிதத்தைப் படித்து எனக்கே சாவியைக் கையில் எடுக்கத் தோன்றியது. முதலில் ஒரு கேள்வி, இன்ஷூரன்ஸை உங்கள் பேருக்கு மாற்றினீர்களா? வண்டி கை மாறிய 14 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும், வித்தியாசத்தைக் கட்ட வேண்டியிருக்கும்.

அது முடிந்தது என்றால் ஏற்காடு போங்கள். ஞாயிறு வேண்டாம், ஒரு நாள் லீவு போட்டு வாரநாளில், காலை நான்கரைக்கு அல்சூரிலிருந்து கிளம்பினால் ஹோசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாக சேலம் சுமார் 200 கிலோமீட்டர், டிபன் நேரத்துக்கு அடிவாரம் வந்துவிடலாம். இருபது கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டிருக்கும். முதல் ஐந்தில் வேகத்தைப் பற்றி நினைக்காதீர்கள், வளைவுக்கு முன்னாலேயே பிரேக்கை முடித்து, இரண்டாம் கியர் போட்டு, ஸ்டீயரிங்கை ஒரே சீராகத் திருப்பி, வளைவு விரியும்போது மெல்ல ஆக்ஸிலரேட்டர் கொடுத்துப் பாருங்கள். ஏழெட்டு வளைவில் கையும் காலும் வண்டியோடு பேச ஆரம்பித்துவிடும். உங்கள் கோட்டைத் தாண்டி வலப்பக்கம் போகவே வேண்டாம், எதிரே பஸ் முழு வளைவையும் எடுத்துக்கொண்டு வரும், ஹாரன் அடித்துவிட்டுக் காத்திருங்கள்.

அது பழகிய பிறகு கொல்லிமலை, எழுபது வளைவு. அங்கே ரோடு குறுகல், பெரும்பாலும் ஒன்றும் இரண்டும் கியர்தான், வேகம் கிடையாது, ஆனால் கிளட்ச், ஸ்டீயரிங், பிரேக் மூன்றையும் உங்களுக்கு எழுபது முறை சொல்லிக்கொடுக்கும். இறங்கும்போது எந்தக் கியரில் ஏறினீர்களோ அதிலேயே இறங்குங்கள், ஏறி வருகிற வண்டிக்கு வழி விடுங்கள். பிரேக் கருகும் வாசனை வந்தால் அகலமான இடத்தில் ஓரங்கட்டி கால் மணி நேரம் ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் வளைந்துவிடும். ஏறி முடித்ததும் இன்ஜினை உடனே அணைக்காமல் ஒரு நிமிஷம் ஓடவிடுங்கள், டர்போ ஆறட்டும். மறுநாள் காலை அல்சூரில் வண்டி குளிர்ந்து நிற்கும்போது டிப் ஸ்டிக்கை எடுத்து ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, மீட்டர் ரீடிங்கோடு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.